நெரிசலான அலுவலகத்தில் வைஃபை ஆக்சஸ் பாயின்ட்களை மாற்றுவதற்கு முன்

கேள்வி இதுதான். நான்கு தளங்கள் உள்ள அலுவலகம், தளத்துக்குச் சுமார் 120 பேர். ஆளுக்கு ஒரு லேப்டாப், ஒரு செல்பேசி, சிலரிடம் டேப்லெட்டும் உண்டு. கூரையில் இருப்பவை வைஃபை 5 என்ற பழைய தலைமுறையின் ஆக்சஸ் பாயின்ட்கள், அதாவது வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டிகள். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்ததும் குரல் உடைகிறது, படம் உறைந்து நிற்கிறது. பழையவற்றைக் கழற்றிவிட்டு அதே இடங்களில் வைஃபை 7 மாட்டினால் போதுமா, இல்லை எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமா?

இரண்டும் தனியாகப் போதாது என்பதுதான் என் பதில். பெட்டியை மட்டும் மாற்றினால் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும், போட்ட பணத்துக்கு உரிய பலன் வராது. எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் இப்போது இருப்பதைவிட மோசமாகவும் வாய்ப்பு இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் முதலில் தீர்ந்துபோவது ஏர்டைம், அதாவது சேனலில் (சாதனங்கள் பேசும் அலைவரிசைத் துண்டு) பேசுவதற்குக் கிடைக்கும் நேரம். அதை எப்படிப் பங்கிடுவது என்று திட்டமிட்ட பிறகுதான் எந்த மாடல், எத்தனை என்ற கேள்விக்கே போக வேண்டும்.

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு சாதனம்தான் பேச முடியும். ஆக்சஸ் பாயின்ட் பேசினாலும் (இனி ஏ.பி. என்றே எழுதுகிறேன்) லேப்டாப் பேசினாலும், அதைக் கேட்கும் தூரத்தில் அதே சேனலில் இருக்கும் மற்ற எல்லாம் காத்திருக்க வேண்டும். ஒரே மைக் இருக்கும் கூட்டம் மாதிரி. மெதுவாக இழுத்து இழுத்துப் பேசுகிறவர் மற்ற எல்லோருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்கிறார். சிக்னல் குறைவான மூலையில் இருந்து நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் ஒரு கோப்பை அனுப்பும் பழைய லேப்டாப், ஏ.பி.-க்கு நேர் கீழே 300 மெகாபிட் வேகத்தில் பேசும் லேப்டாப்பைக் காக்க வைக்கிறது. இப்போது அதே சேனலில், ஒன்றை ஒன்று கேட்கும் தூரத்தில் இன்னொரு ஏ.பி.-யை மாட்டினால் என்ன ஆகும்? புதிதாக நேரம் எதுவும் பிறக்காது. இருக்கும் நேரத்துக்குப் போட்டி போட இன்னொருவர் வந்திருப்பார், அவ்வளவுதான். வைஃபை 6-ல் வந்த ஓஎஃப்டிஎம்ஏ, சேனலைச் சிறு துண்டுகளாக்கிப் பல சாதனங்களின் சின்னச் சின்ன பாக்கெட்டுகளை ஒரே தடவையில் அனுப்ப உதவுகிறது. உண்மையிலேயே நல்ல முன்னேற்றம். ஆனாலும் அந்தப் பங்கீடு ஒரு ஏ.பி.-க்குள்தான் நடக்கும். பக்கத்து ஏ.பி.-யோடு சேனல் மோதினால் அது காப்பாற்றாது.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் அளந்து பாருங்கள். ஏ.பி.-களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் இப்போதுள்ள கன்ட்ரோலரிலேயே பெரும்பாலான தகவல் கிடைக்கும். மூன்று விஷயங்கள் முக்கியம். ஒவ்வொரு ரேடியோவிலும் (ஏ.பி.-க்குள் ஒரு அலைவரிசைக்கென இருக்கும் பகுதி) நெரிசல் நேரத்தில் சேனல் எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்பது முதலாவது. பாக்கெட்டுகள் எத்தனை சதவீதம் மறுபடி அனுப்பப்படுகின்றன என்பது அடுத்தது. மூன்றாவது, பலரும் பார்க்காமல் விடுவது: இணைந்திருக்கும் சாதனங்கள் எந்தத் தலைமுறை, எத்தனை ஸ்ட்ரீம் (ஒரே நேரத்தில் அனுப்பும் இணை ஓடைகள்), எந்த பேண்டில் (2.4, 5, 6 கிகாஹெர்ட்ஸில் எது) இருக்கின்றன என்ற பட்டியல். அலுவலக லேப்டாப்புகளில் பாதிக்கு மேல் வைஃபை 5 கார்டு என்றால், வைஃபை 7 ஏ.பி. மாட்டினாலும் அவை வைஃபை 5 ஆகவேதான் பேசும். சில இடங்களில் ஏ.பி. பட்ஜெட்டில் ஒரு பகுதியை எடுத்து லேப்டாப் மாற்றும் திட்டத்தை முன்கூட்டியே நகர்த்துவது அதிகப் பலன் தரும். இதை நிர்வாகத்திடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

அளக்கும்போதே வைஃபை மேல் விழும் வீண்பழியையும் பிரித்துவிடுங்கள். 120 பேருக்குச் சுமார் 300 சாதனங்கள். ஒரு தளத்துக்கு 24 பிட் சப்நெட் (நெட்வொர்க் முகவரித் தொகுப்பு) ஒன்று ஒதுக்கியிருந்தால் அதில் 254 முகவரிகள்தான் உண்டு. சாதனங்களுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி-யிடம் முகவரி தீர்ந்துபோனால் பயனாளருக்குத் தெரிவது 'வைஃபை வேலை செய்யவில்லை' என்பது மட்டும்தான். விருந்தினர் நெட்வொர்க்கில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் 2019-ல் ஆண்ட்ராய்ட் 10, 2020-ல் ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து செல்பேசிகள் உண்மையான மேக் முகவரிக்கு, அதாவது சாதனத்தின் அடையாள எண்ணுக்கு, பதிலாகத் தற்செயலான ஒன்றைக் காட்டுகின்றன. அது மாறும்போது அதே செல்பேசி புதிய சாதனமாகத் தெரிந்து இன்னொரு முகவரியை எடுத்துக்கொள்ளும். விருந்தினர் பக்கம் முகவரிக் குத்தகையை இரண்டு மூன்று மணி நேரமாகக் குறைத்தால் போதும். இணையப் பெயர்களை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் பதில் தரும் நேரத்தையும் பாருங்கள். அப்புறம் இணைய இணைப்பு. தளத்துக்கு 60 வீடியோ அழைப்பு, ஒவ்வொன்றும் ஒரு திசைக்கு 3 மெகாபிட் என்று வைத்தால், நான்கு தளத்துக்கும் சேர்த்து ஒரு திசைக்கு 720 மெகாபிட். வெளியே போகும் இணைப்பு 500 மெகாபிட் என்றால், கூரையில் எதை மாட்டியும் பயனில்லை.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். 'இத்தனை சதுர மீட்டருக்கு ஒரு ஏ.பி.' என்ற கணக்கு, ஆட்கள் குறைவாக இருக்கும் கிடங்குக்குப் பொருந்தும். இங்கே சுமையிலிருந்து தொடங்க வேண்டும். மேலே சொன்ன 60 அழைப்புகளை எடுத்துக்கொள்வோம். போவதும் வருவதும் ஒரே சேனல் நேரத்தைத்தான் தின்கின்றன, அதனால் அழைப்புக்கு 6 மெகாபிட், மொத்தம் 360. மற்ற சாதனங்களின் மின்னஞ்சல், கோப்பு ஒத்திசைவு, செல்பேசிப் பின்னணி வேலைகளுக்கு இன்னொரு 120 வைப்போம். தளத்தின் உச்சத் தேவை 480 மெகாபிட். இப்போது ஒரு ரேடியோ எவ்வளவு தரும்? 5 கிகாஹெர்ட்ஸில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில், இரண்டு ஸ்ட்ரீம் வைஃபை 6 லேப்டாப்பின் உச்ச இணைப்பு வேகம் 574 மெகாபிட். வைஃபை 5 என்றால் 400. தூரமும் பழைய சாதனங்களும் கலந்த சராசரி 300 என்று வைக்கலாம். அதில் பாதி, காத்திருப்புக்கும் ஒப்புகைச் செய்திகளுக்கும் போய்விடும், மிச்சம் 150. சேனல் பாதிக்கு மேல் நிரம்பினால் தாமதம் ஏறத் தொடங்கும், குரல் அழைப்புதான் முதலில் அடிபடும். ஆகவே நம்பித் திட்டமிடக்கூடியது ரேடியோவுக்கு 75 மெகாபிட். 480-ஐ 75-ஆல் வகுத்தால் 6.4, அதாவது 7 ஏ.பி.

விற்பவர் காட்டும் தாளில் ஒரு ஏ.பி.-க்குப் பல கிகாபிட் என்று இருக்கும். அது எல்லா ரேடியோக்களையும், எல்லா ஸ்ட்ரீம்களையும், மிக அகலமான சேனலையும் கூட்டிய எண். உங்கள் தளத்தில் அந்த நிலை ஒரு நொடிகூட வராது. நான் போட்ட கணக்கில் உள்ள ஊகங்களை உங்கள் அளவீட்டை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். 60 அழைப்பு என்பது உங்களுக்கு 30 ஆகவும் இருக்கலாம், 90 ஆகவும் இருக்கலாம். கணக்கு போடும் முறைதான் முக்கியம்.

இந்த 7 என்ற எண் கிடைத்ததும் அடுத்து கேட்க வேண்டியது: ஏழு ரேடியோவுக்கும் ஒன்றோடொன்று மோதாத சேனல் இருக்கிறதா? நாட்டைப் பொறுத்து 5 கிகாஹெர்ட்ஸில் 19 முதல் 25 வரை 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் கிடைக்கின்றன. 40 ஆக இணைத்தால் 9 முதல் 12. 80 ஆக இணைத்தால் 4 முதல் 6. மேல் தளமும் கீழ்த் தளமும் அதே காற்றைத்தான் பயன்படுத்துகின்றன என்பதை மறக்கக்கூடாது. 80 மெகாஹெர்ட்ஸில் ஏழு ஏ.பி. வைத்தால் கட்டாயம் ஒரே சேனல் இரண்டு மூன்று இடங்களில் திரும்ப வரும், திறந்த கூடத்தில் அவை ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். வேகச் சோதனை செயலியில் எண் அழகாகத் தெரியும், ஆள் வந்து உட்கார்ந்ததும் சரியும். என் கருத்து உறுதியானது: நெரிசலான அலுவலகத்தில் 5 கிகாஹெர்ட்ஸில் 80-ஐ மறந்துவிடுங்கள். 40 வைக்க இடம் இருந்தால் 40, அண்டை நிறுவனங்களின் வைஃபை சூழ்ந்த கட்டடம் என்றால் தயங்காமல் 20. அகலத்தை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு தடவையும் இரைச்சல் 3 டெசிபல் கூடுகிறது என்பதும் இதில் சேர்த்தி.

இந்தச் சேனல் எண்ணிக்கை முழுவதும் கிடைக்க வேண்டுமென்றால் டிஎஃப்எஸ் சேனல்களைத் திறக்க வேண்டும். ரேடார் பயன்படுத்தும் அலைவரிசைகள் அவை. அவற்றில் இறங்கும் முன் ஏ.பி. குறைந்தது 60 நொடி கேட்டுப் பார்க்க வேண்டும். ரேடார் தென்பட்டால் உடனே விலகி, 30 நிமிடத்துக்கு அந்தப் பக்கம் வரக்கூடாது. இதைக் கேட்டு பயந்து பலர் அவற்றை மொத்தமாக மூடிவிடுகிறார்கள். மூடினால் 40 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் சில நாடுகளில் நான்காகவும், சில நாடுகளில் இரண்டாகவும் சுருங்கிவிடும். அதை வைத்து ஒரு தளத்தைக்கூட ஒழுங்காக நடத்த முடியாது. விமான நிலையமோ துறைமுகமோ வானிலை ரேடாரோ அருகில் இருந்தால் பதிவுகளைப் பார்த்து, அடிபடும் சேனல்களை மட்டும் விலக்குங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. அச்சுப்பொறி, சென்சார், பழைய கருவிகளுக்காக அதைத் தனிப் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு ஏ.பி.-யில் இரண்டிலோ மூன்றிலோ மட்டும் அந்த ரேடியோவை விட்டுவிட்டு மற்றவற்றில் அணைத்துவிடலாம்.

உண்மையான புதிய நேரம் பிறப்பது 6 கிகாஹெர்ட்ஸில்தான். அமெரிக்கா 2020 ஏப்ரலில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது, வேறு சில நாடுகளும் அதே வழியில் போயின. ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் கீழ்ப்பகுதியில் 480 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது. 1200 முழுவதும் இருந்தால் 59 இருபது மெகாஹெர்ட்ஸ் சேனல்கள், அல்லது 29 நாற்பதுகள், அல்லது 14 எண்பதுகள். 480 என்றால் முறையே 24, 12, 6. உங்கள் நாட்டின் விதி எது என்பதை வாங்குவதற்கு முன்பே உறுதிப்படுத்துங்கள், ஏனென்றால் முழுத் திட்டமும் அதைப் பொறுத்துத்தான் நிற்கிறது. 14 எண்பதுகள் இருக்கும் இடத்தில் 6 கிகாஹெர்ட்ஸில் 80 தாராளமாக வைக்கலாம். ஆறு மட்டும் என்றால் 40 போதும். அமெரிக்க விதி போன்றது இருக்கும் இடத்தில், இங்கே அகலத்தைக் கூட்டினால் சிக்னல் தரம் குறையும் என்ற கவலையும் குறைவு. அங்கே உள்ளரங்க ஏ.பி.-களுக்கான அனுமதி ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் இவ்வளவு சக்தி என்று அமைந்திருக்கிறது, அதனால் மேல் வரம்பைத் தொடும்வரை அகலம் கூடும்போது மொத்தச் சக்தியும் கூடும். வைஃபை 7 விளம்பரங்களில் பெரிதாக வரும் 320 மெகாஹெர்ட்ஸ், 1200 முழுவதும் இருந்தாலே மோதாமல் மூன்றுதான் கிடைக்கும். வீட்டில் ஒற்றை ரூட்டருக்கு அது நல்லது, ஏழு ஏ.பி. உள்ள தளத்துக்கு உதவாது.

6 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அங்கே டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை கட்டாயம், பழைய டபிள்யூபிஏ2-க்கு இடமே இல்லை. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நெட்வொர்க் கூட அங்கே மறையாக்கத்தோடு வரும் ஓடபிள்யூஇ முறையில்தான் ஓட வேண்டும். பயனாளர் கணக்கோ சான்றிதழோ வைத்து நுழையும் 802.1எக்ஸ் முறை ஏற்கெனவே இருந்தால் மாற்றம் எளிது, மேலாண்மைச் செய்திகளைப் பாதுகாக்கும் பிஎம்எஃப் அமைப்பைக் கட்டாயமாக்கினால் பெரும்பாலும் முடிந்தது. பகிர்ந்த கடவுச்சொல்லில் ஓடும் அலுவலகம் என்றால், எந்தப் பழைய சாதனம் டபிள்யூபிஏ3-ஐப் பார்த்து முகம் திருப்பும் என்பதை முன்கூட்டியே சோதிக்க வேண்டும். வைஃபை 7-இன் பல பேண்ட் இணைப்பான எம்எல்ஓ வேலை செய்யவும் இந்தப் புதிய பாதுகாப்பு தேவை. ஆகவே பாதுகாப்பு மாற்றத்தைத் தனி வேலையாக எடுத்து, ஏ.பி. மாற்றுவதற்குச் சில வாரங்கள் முன்பே முடித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே வார இறுதியில் செய்தால் திங்கட்கிழமை எது உடைந்தது என்று பிரித்தறியவே முடியாது.

வைஃபை 6இ-யா (6 கிகாஹெர்ட்ஸும் பேசும் வைஃபை 6), 7-ஆ? இன்று வாங்குவதென்றால் 7. காரணம் வேகம் இல்லை. ஏ.பி. ஆறு ஏழு ஆண்டுகள் கூரையில் இருக்கப் போகிறது, அந்தக் காலத்தில் வரும் லேப்டாப்புகள் அதைப் பேசும். ஆனால் மூன்று ரேடியோ இருக்கும் மாடலா என்பதைப் பாருங்கள். வைஃபை 7 என்று பெயர் போட்டு 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இல்லாமலும் வருகின்றன. ஸ்ட்ரீம் எண்ணிக்கைக்காக அதிகம் செலவழிக்க வேண்டாம். லேப்டாப்பும் செல்பேசியும் பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரீம்தான். ஏ.பி.-யில் நான்கு இருந்தால் பலவீனமான சிக்னலை நன்றாகக் கேட்கும், அது போதுமான காரணம்.

இனி இடம். பழைய ஏ.பி.-கள் பெரும்பாலும் நடைபாதைகளில் இருக்கும், ஏனென்றால் அங்கே கேபிள் இழுப்பது சுலபம். ஒரு நீண்ட நடைபாதையில் நான்கு ஏ.பி. இருந்தால் அவை ஒன்றை ஒன்று தடையில்லாமல் கேட்கும், அறைக்குள் இருப்பவருக்கோ சுவர் தாண்டி வரும் சிக்னல்தான். இது நேர் எதிராக இருக்க வேண்டும். ஆட்கள் உட்காரும் இடத்துக்கு மேலே ஏ.பி. இருக்கட்டும், சுவர்கள் ஏ.பி.-களுக்கு இடையே இருக்கட்டும். ஜிப்சம் தடுப்பு 3 டெசிபல் அளவுக்குத்தான் குறைக்கும், கான்கிரீட் சுவர் 10 முதல் 15 வரை. நெரிசல் நெட்வொர்க்கில் கான்கிரீட் சுவர் உங்கள் நண்பன், அதே சேனலை அந்தப் பக்கம் திரும்பப் பயன்படுத்த அது இடம் தருகிறது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளித்து வைக்கச் சொல்லி உள் அலங்காரக்காரர் கேட்பார். மேலே ஏசி குழாயும் உலோகச் சட்டமும் இருக்கின்றன, ஒத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடி மீட்டிங் அறைகளிலும் ஏமாற வேண்டாம். சாதாரணக் கண்ணாடி சிக்னலை விட்டுவிடும், உலோகப் பூச்சு உள்ள கண்ணாடி நன்றாகவே தடுக்கும்.

மீட்டிங் அறைகளைத் தனியாகக் கணக்கிடுங்கள். 20 பேர் அறையில் ஆளுக்கு ஒரு அழைப்பு என்ற நிலை வந்தால் 120 மெகாபிட். மேலே சொன்ன 75-ஐ அது ஒரே அறையில் தாண்டிவிடும். பெரும்பாலும் அறைக்கு ஒரே அழைப்புதான் ஓடும், ஆனால் பயிற்சி அறை, எல்லோரும் கூடும் அரங்கம் போன்றவை அப்படி இல்லை. அவற்றுக்குச் சொந்தமாக ஒரு ஏ.பி., பெரிய அரங்கத்துக்கு இரண்டு. மீட்டிங் அறைத் திரைகளையும் அழைப்புக் கருவிகளையும் கேபிளில் போட்டுவிடுங்கள். நகராத எதற்கும் கேபிள்தான், மேசைக் கணினி இருந்தால் அதற்கும். அப்படி விடுவிக்கும் ஒவ்வொரு சாதனமும் காற்றில் இருக்கும் மற்றவர்களுக்கு நேரத்தைத் திருப்பித் தருகிறது. கம்பியில்லாமல் திரையில் காட்டும் சில கருவிகள் சொந்தமாக ஒரு வைஃபையைப் பரப்பும், அதுவும் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில். அவற்றைத் தேடிப் பிடித்து அணைப்பது வேலையின் ஒரு பகுதி.

ஏ.பி.-யின் சக்தியை உச்சத்தில் வைக்கும் பழக்கத்தை விட வேண்டும். செல்பேசி பொதுவாக 12 முதல் 15 டிபிஎம் (சிக்னல் சக்தியின் அலகு) அளவில்தான் பேசுகிறது. ஏ.பி. 23-ல் கத்தினால் செல்பேசிக்கு முழு சிக்னல் தெரியும், ஆனால் அது பேசுவது ஏ.பி.-க்குக் கேட்காது. 5 கிகாஹெர்ட்ஸில் 11 முதல் 14 டிபிஎம் என்ற வரம்புக்குள் கட்டிவைத்து, அந்த வரம்புக்குள் கன்ட்ரோலர் தானாகச் சரிசெய்ய விடலாம். முழுக்கத் தானியங்கிக்கு விட்டால் சில நாட்களில் ஒன்று உச்சத்திலும் பக்கத்தில் இருப்பது அடியிலும் நிற்பதைப் பார்ப்பீர்கள். உட்காரும் எந்த இடத்திலும் மைனஸ் 67 டிபிஎம்-க்குக் குறையாத சிக்னல், இரைச்சலுக்கு மேல் 25 டெசிபல் இடைவெளி. குரலுக்கும் வீடியோவுக்கும் இதுதான் இலக்கு. இதை 6 கிகாஹெர்ட்ஸிலும் அடைய வேண்டும் என்று வைத்துத் திட்டமிட்டால், 5 கிகாஹெர்ட்ஸ் தானாகவே சரியாக அமையும்.

செலவே இல்லாமல் பெரிய பலன் தரும் ஒன்று இருக்கிறது: வைஃபை பெயர்களின் எண்ணிக்கையும் அடிப்படை வேகமும். ஒவ்வொரு ஏ.பி.-யும் ஒவ்வொரு பெயருக்கும் 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை பீக்கன், அதாவது 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற அறிவிப்பு, அனுப்புகிறது, அதுவும் அனுமதித்த மிகக் குறைந்த வேகத்தில். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 1 மெகாபிட் என்று இருந்தால், 300 பைட் பீக்கன் ஒன்றுக்கு 2.6 மில்லிநொடி ஆகும், அதாவது சேனலின் 2.5 சதவீதம். நான்கு பெயர், கேட்கும் தூரத்தில் நான்கு ஏ.பி. என்றால் 16 பீக்கன். ஒருவர்கூடத் தரவு அனுப்பாத நேரத்திலேயே சேனல் நேரத்தில் 40 சதவீதம் தீர்ந்துவிடும். அடிப்படை வேகத்தை 12 மெகாபிட் ஆக்கினால் அதே 16 பீக்கனுக்கு 4 சதவீதத்துக்கும் குறைவாகவே ஆகும். எனவே 1, 2, 5.5, 11 வேகங்களை அணையுங்கள், 5 கிகாஹெர்ட்ஸில் 12 அல்லது 24 வையுங்கள். பெயர்கள் மூன்று போதும்: ஊழியர், விருந்தினர், கருவிகள். துறைக்கு ஒரு பெயர் கேட்டால், ஒரே பெயரில் நுழையவிட்டு உள்நுழைவு விவரத்தை வைத்து வேறு வேறு விஎல்ஏஎன்-களுக்கு, அதாவது உள் நெட்வொர்க் பிரிவுகளுக்கு, அனுப்பலாம். இதை இன்று மாலையே பழைய ஏ.பி.-களில் செய்து பாருங்கள். மேம்படுத்தும் தேதியைத் தள்ளிப்போடும் அளவுக்கு நிலைமை தேறினாலும் ஆச்சரியமில்லை.

நடக்கும்போது ஒரு ஏ.பி.-யிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ரோமிங்கில் முடிவெடுப்பது சாதனம், ஏ.பி. அல்ல. ஆப்பிள் வெளியிட்டுள்ள விவரப்படி ஐஃபோன் மைனஸ் 70 டிபிஎம்-க்குக் கீழே போனதும் வேறு ஏ.பி. தேடத் தொடங்கும், மேக் கணினி மைனஸ் 75-ல். அழைப்பு நடக்கும்போது ஐஃபோனுக்குப் புதியது பழையதைவிட 8 டெசிபல் அதிகமாகத் தெரிந்தால்தான் தாவும். ஏ.பி.-களை மிக நெருக்கமாகவும் உச்ச சக்தியிலும் வைத்தால் பழையது இன்னும் நன்றாகத் தெரிகிறது என்று சாதனம் ஒட்டிக்கொண்டே நடக்கும். பக்கத்து ஏ.பி.-கள் எவை என்று சாதனத்துக்குச் சொல்லி வழிகாட்டும் 802.11 கே, வி இரண்டையும் இயக்கி வையுங்கள். வேகமாகக் கைமாற்றும் 802.11 ஆர், 802.1எக்ஸ் நெட்வொர்க்கில் குரல் அழைப்புக்கு மிகவும் உதவும், ஆனால் பழைய அச்சுப்பொறிகளும் ஸ்கேனர்களும் அதைப் பார்த்துக் குழம்புவதுண்டு. அவை வேறு பெயரில் இருப்பதால் ஊழியர் பெயரில் மட்டும் இயக்கினால் போதும்.

கூரைக்கு மேலே பேசியாயிற்று, இனி கேபிள். மேம்படுத்தும் திட்டங்கள் பட்ஜெட்டைத் தாண்டுவது பெரும்பாலும் இங்கேதான். வைஃபை 5 ஏ.பி. பல, நெட்வொர்க் கேபிள் வழியே 802.3 ஏஎஃப் முறை தரும் மின்சாரத்திலேயே ஓடின. அந்த முறையில் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் 15.4 வாட் கொடுக்கும், கேபிள் இழப்பு போக ஏ.பி.-க்கு 12.95 வந்து சேரும். மூன்று ரேடியோ ஏ.பி.-க்கு அது போதாது. ஏடி முறையில் 30 கொடுத்து 25.5 சேரும், பிடி முறையில் 60 கொடுத்து 51. மின்சாரம் குறைந்தால் ஏ.பி. அணைந்துபோகாது, அதுதான் ஆபத்து. சத்தமில்லாமல் ஸ்ட்ரீமைக் குறைத்துக்கொள்ளும், சில மாடல்கள் ஒரு ரேடியோவையே நிறுத்திவிடும். மாடலின் விவரத் தாளில் எந்த மின்சாரத்தில் எது வேலை செய்யும் என்ற அட்டவணையைத் தேடிப் படியுங்கள். போர்ட் தரும் அளவு மட்டும் பார்த்தால் போதாது, ஸ்விட்சின் மொத்த மின்சார வரம்பையும் பாருங்கள். எட்டு ஏ.பி. 30 வாட் எடுத்தால் 240. அதே ஸ்விட்சில் கேமராக்களும் மேசைத் தொலைபேசிகளும் இருந்தால் 370 வாட் ஸ்விட்ச் சீக்கிரம் நிரம்பும்.

2.5 கிகாபிட் போர்ட் அவசியமா என்றால், இப்போதைய உங்கள் சுமைக்கு ஏ.பி. ஒன்று 1 கிகாபிட்டைத் தொடுவதே அரிது. ஆனால் மின்சாரத்துக்காக ஸ்விட்சை எப்படியும் மாற்றுவதானால் 2.5 உள்ளதையே வாங்குங்கள். 2016-ல் வந்த 802.3 பிஇசட் விதிப்படி, கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் வரை 2.5 கிகாபிட் ஓடும், சுவரை உடைத்துப் புதுக் கேபிள் இழுக்க வேண்டியதில்லை. புதிதாக இழுக்கும் இடங்களில் மட்டும் கேட் 6ஏ போட்டு, இடத்துக்கு இரண்டு கேபிளாக இழுங்கள். கூலிதான் பெரிய செலவு, இரண்டாவது கேபிள் அதோடு ஒப்பிட்டால் சிறிது.

மாற்றும்போது ஒரே தளத்தில் பழையதையும் புதியதையும் ஒன்றுவிட்டு ஒன்று கலக்க வேண்டாம். டபிள்யூபிஏ3, 802.11 ஆர், 6 கிகாஹெர்ட்ஸ் எல்லாம் ஒரு ஏ.பி.-யில் இருந்து பக்கத்தில் இல்லை என்றால் நடந்துபோகும் சாதனம் தடுமாறும். முழுத் தளமாக மாற்றுங்கள். முதல் தளமாகக் கணினித் துறை உட்காரும் தளத்தை எடுக்காதீர்கள். அவர்கள் பிரச்சினையைத் தாங்களே சரிசெய்துகொண்டு சொல்லாமல் இருந்துவிடுவார்கள். மீட்டிங் அதிகம் நடக்கும், வாய் திறந்து குறை சொல்லும் தளம்தான் நல்லது. மாட்டுவதற்கு முன் ஒரே ஒரு புதிய ஏ.பி.-யை ஸ்டாண்டில் நிறுத்தி, திட்டத்தில் உள்ள இடங்களில் வைத்து, ஒரு சாதாரண லேப்டாப்பும் செல்பேசியும் வைத்து அளந்துவிடுங்கள். திட்டமிடும் மென்பொருள் சுவருக்கு ஊகித்த டெசிபலும் உண்மைச் சுவரும் ஒத்துப்போவதில்லை என்பது அங்கே தெரிந்துவிடும்.

மாட்டியபின் காலி அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை வேகச் சோதனை செய்து கையெழுத்துப் போட வேண்டாம். நிறுவுகிறவரின் ஒப்பந்தத்திலேயே எழுதிவையுங்கள்: எல்லோரும் வந்திருக்கும் வேலைநாளில், மீட்டிங் உச்ச நேரத்தில், 5 கிகாஹெர்ட்ஸ் சேனல் நிரம்பல் 50 சதவீதத்துக்குள், மறு அனுப்பல் 10 சதவீதத்துக்குள், உங்களிடம் உள்ள மிகப் பழைய லேப்டாப் மாடலில் ஒரு அழைப்பை வைத்துக்கொண்டு தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் குரல் அறுபடாமல் இருக்க வேண்டும். இரண்டு வாரம் இந்த எண்கள் நின்றால் அடுத்த தளத்துக்குப் போங்கள். நிற்காவிட்டால் முதலில் சேனல் அகலத்தையும் சக்தியையும் குறைத்துப் பாருங்கள். கூடுதல் ஏ.பி. கேட்பது அதற்குப் பிறகு.